கணுக்கால் மடங்கினால்: விழுந்த நிமிடத்திலிருந்து மறுபடி குதிக்கும் நாள் வரை

மாலை நேரத்தில் ஊர் வாலிபால் மைதானத்தில் பையன்களுக்குப் பந்து தூக்கிப் போட்டுப் பழக்குகிறேன். பட்டம் பெற்ற பயிற்சியாளர் இல்லை, மருத்துவனும் இல்லை. ஆனால் என் இடது கணுக்கால் மூன்று முறை மடங்கியிருக்கிறது. மற்றவர்களுடையதை எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் மடங்கியதற்குக் காரணம், முதல் முறை வலி போன அன்றே நான் எல்லாவற்றையும் நிறுத்தியதுதான்.

இங்கே சொல்வது ஒரே ஒரு காயத்தை: பாதம் உட்பக்கமாகத் திரும்பி, கணுக்காலின் வெளிப்புற ஜவ்வு இழுபடுவது அல்லது கிழிவது. வாலிபால், கபடி, கால்பந்து, பூப்பந்து எதுவானாலும் அதிகம் பார்ப்பது இதைத்தான். படிகளின் வரிசை முக்கியம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பவும் அதே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள்.

1. விழுவதற்கு முன்பே பையில் இருக்க வேண்டியவை

10 செ.மீ அகல கிரேப் பாண்டேஜ் இரண்டு, ஒட்டும் டேப், ஒரு பருத்தித் துண்டு, கெட்டியான பிளாஸ்டிக் பைகள் நான்கைந்து, ஒரு சிறிய நோட்டு, பேனா. ஐஸ் எங்கே கிடைக்கும் என்பதை முதலிலேயே தெரிந்து வையுங்கள். எங்களுக்கு மைதானத்தை ஒட்டிய ஜூஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை மாலை அது பூட்டியிருக்கும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது.

வலி நிவாரண ஸ்ப்ரேயை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அது தோலைச் சில நிமிடம் மரத்துப்போக வைக்கும். அந்தச் சில நிமிடத்தில் பையன் எழுந்து ஆடப் போய்விடுவான்.

2. முதல் இரண்டு நிமிடம்: தூக்காதீர்கள், இழுக்காதீர்கள்

விழுந்தவுடன் நான்கு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார், இன்னொருவர் பாதத்தைப் பிடித்து "சொடக்கு எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று இழுப்பார். இரண்டையும் தடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பு அதை நகர்த்திவிடும்.

உட்கார்ந்த நிலையிலேயே கேளுங்கள். பாதம் எந்தப் பக்கம் மடங்கியது? 'டக்' என்று சத்தம் கேட்டதா? விரல்களில் மரத்த உணர்வு உண்டா? சத்தம் கேட்டாலே எலும்பு முறிவு என்று பதற வேண்டாம். ஜவ்வு கிழியும்போதும் அதே சத்தம் வரும்.

கால் கோணலாகத் தெரிகிறது, எலும்பு தோலை முட்டிக்கொண்டு நிற்கிறது, காயத்திலிருந்து ரத்தம் வருகிறது, பாதம் வெளுத்தோ நீலமாகவோ சில்லிட்டோ இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். காலை இருக்கும் நிலையிலேயே இருபுறமும் மடித்த துண்டு வைத்து அசையாமல் பிடியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஷூ கயிற்றை முழுவதும் தளர்த்தி, ஷூவையும் காலுறையையும் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கழற்றுவது பெரும்பாடு. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காலை மட்டும் பார்த்தால் வீக்கம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

3. எலும்பா, ஜவ்வா: நான்கு இடம், நான்கு அடி

"விரல் அசைகிறதா? அசைகிறது. அப்படியானால் எலும்பு முறியவில்லை." மைதானத்தில் நான் அதிகம் கேட்ட தீர்ப்பு இது. முழுத் தவறு. விரலை அசைக்கும் தசைகள் கெண்டைக்காலிலும் பாதத்திலும் இருக்கின்றன. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும்.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஒரு எளிய விதி உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவு செய்ய அது உதவுகிறது. நாமும் அதன்படியே பார்க்கலாம். கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளை வெளிமுண்டு, உள்முண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை விரலால் எலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள்:

வெளிமுண்டின் பின்விளிம்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி 6 செ.மீ வரை. உள்முண்டிலும் அதே போல. அடுத்து, பாதத்தின் வெளி ஓரமாகச் சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கி விரலை இழுத்து வந்தால் நடுவழியில் தட்டுப்படும் எலும்பு முனை. கடைசியாக, உள்முண்டுக்குச் சற்று முன்னால், உள்வளைவின் உச்சியில் தட்டுப்படும் எலும்பு.

இந்த நான்கில் எங்கே அழுத்தினாலும் துள்ளும் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விழுந்தவுடனும் நான்கு அடி வைக்க முடியவில்லை, மருத்துவமனை போய்ச் சேர்ந்த பிறகும் முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரேதான். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அடி அடிதான். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெளிமுண்டுக்கு முன்னாலும் கீழும் உள்ள குழிவில் அழுத்திவிட்டு, பையன் அலறியதும் "முறிவு" என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தக் குழிவில்தான் ஜவ்வு இருக்கிறது, சுளுக்கில் அங்கே வலிக்கத்தான் செய்யும். நாம் தேடுவது எலும்பின் பின்விளிம்பில் உள்ள வலியை.

நான்கு இடத்திலும் வலி இல்லை, நான்கு அடியும் வைக்க முடிகிறது என்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சிறுவர்கள், குடித்திருப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஆகியோரிடம் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதி ஜவ்வைவிட மென்மையானது. சுளுக்கு போலத் தெரிவது அங்கே ஏற்பட்ட விரிசலாக இருக்கலாம்.

4. சுளுக்கு வேடம் போடும் இரண்டு காயங்கள்

யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்று ஒருவர் சொன்னால் உடனே கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாணைச் சந்தேகியுங்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செய்து, கெண்டைச் சதையைப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. அன்றே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கணுக்காலுக்கு மேலே இரண்டு கால் எலும்புகளையும் கட்டியிருக்கும் ஜவ்வு கிழிவது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரு எலும்புகளையும் கைகளால் சேர்த்து அழுத்தினால் கணுக்காலுக்குச் சற்று மேலே வலிக்கும். வீக்கம் சிறியதாகவும் வலி பெரியதாகவும் இருக்கும். சாதாரணச் சுளுக்கைவிட ஆற அதிக நாள் பிடிக்கும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். இதற்கு இந்த வழிகாட்டி போதாது.

5. முதல் 48 மணி நேரம்

ஐஸ்: பிளாஸ்டிக் பையில் ஐஸுடன் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிக் கட்டுங்கள், அப்போதுதான் காலின் வளைவுக்கு ஏற்றபடி படியும். ஈரத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். ஐஸ் வலியைத் தணிக்கிறது, அவ்வளவே. ஜவ்வை அது ஒட்டவைப்பதில்லை. அதனால் ஒரு மணி நேரம் வைத்தால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

கட்டு: பாதத்தைத் தரையில் ஊன்றியது போல் செங்குத்தாக வைத்து, விரல்களின் அடியில் தொடங்குங்கள். முன் சுற்றில் பாதியை மறைத்து அடுத்த சுற்று. கணுக்காலைச் சுற்றி எட்டு போட்டது போல் குறுக்காக ஏற்றி, குதிகாலையும் மூடி, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் வரை கொண்டுபோய் முடியுங்கள். கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. நேர்மாறாகக் கட்டினால் நீர் பாதத்திலேயே தேங்கி, மறுநாள் விரல்கள் உப்பி நிற்கும். கட்டி முடித்ததும் கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தூங்கும்போது தளர்த்திவிடுங்கள்.

உயர்த்தி வைத்தல்: நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் வைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அது போதாது. படுத்துக்கொண்டு, இதயத்தைவிட உயரத்தில், இரண்டு தலையணை மேல் கால் இருக்க வேண்டும்.

ஊன்றுகோல்: நடக்க வலித்தால் ஒரு கோல் வைத்துக்கொள்ளலாம். அடிபட்டது இடது கால் என்றால் கோல் வலது கையில். பத்தில் எட்டுப் பேர் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள். பாரம் முழுவதும் அந்தக் காலிலேயே இறங்குகிறது.

மாத்திரை: தேவையென்றால் பாராசிட்டமால், உறையில் உள்ள அளவைத் தாண்டாமல். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சலும் இருந்தால் யாருமே தொடக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும்.

இனி, வீட்டில் நடப்பது. எண்ணெய் போட்டு உருவி விடுவது, வெந்நீர் ஒத்தடம், புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்த பற்று, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் போடும் கட்டு, காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வது. எனக்கு முதல் முறை மடங்கியபோது இதில் மூன்று நடந்தது. உருவி விட்டவர் நல்ல மனிதர், காசும் வாங்கவில்லை. மறுநாள் காலை என் கால் பூசணிக்காய் போல இருந்தது.

காரணம் எளிது. முதல் இரண்டு நாளில் உள்ளே சிறு ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். சூடு அவற்றை விரிக்கும், உருவுவது மேலும் கிழிக்கும். பாட்டியோடு சண்டை போட வேண்டியதில்லை. பற்று ஆறிய பிறகு அழுத்தாமல் தடவிக்கொள்ளட்டும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் உருவ விடாதீர்கள். இறுக்கமான மூங்கில் பத்தைக் கட்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீக்கம் ஏறும்போது அந்தக் கட்டு விரியாது, ரத்த ஓட்டம் தடைபட்டுக் காலே போகும் ஆபத்து உண்டு.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் இறுதி ஆட்டம் ஆடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: கூடாது.

6. ஐந்தாம் நாள் மறுபடி பாருங்கள்

முதல் நாள் வீக்கத்தில் எல்லா இடமும் வலிக்கும். காயம் எவ்வளவு என்று மருத்துவருக்கே தெளிவாகத் தெரியாது. நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் பார்த்தால்தான் துலங்கும். இந்த இரண்டாவது பார்வையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள்.

நொண்டாமல் நடக்க முடிகிறது, வீக்கம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது என்றால் ஜவ்வு இழுபட்டிருக்கிறது. ஒன்று முதல் மூன்று வாரம். நொண்டல் இருக்கிறது, கருநீலம் படர்ந்திருக்கிறது என்றால் பகுதி கிழிசல். மூன்று முதல் ஆறு வாரம். கணுக்கால் கழன்று போவது போல் ஆடுகிறது, பாரம் தாங்கவில்லை என்றால் முழுக் கிழிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள், இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். முழுக் கிழிசலுக்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல், கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸும் பயிற்சியும்தான் முதல் வைத்தியம்.

கருநீலம் குதிகாலுக்கும் விரல்களுக்கும் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்து போன் செய்வார்கள். கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குகிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு: கெண்டைச் சதை வீங்கிச் சூடாகி வலித்தால், அல்லது மூச்சுத் திணறினால், ரத்தக்கட்டி உண்டாகியிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

7. அசைவு

மூன்றாம் நாளிலிருந்தே, வலி தாங்கும் அளவுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் 'அ' முதல் 'ஃ' வரை எழுதுங்கள். நம் எழுத்தில் வளைவு அதிகம் என்பதால் எல்லாத் திசையிலும் கணுக்கால் திரும்பிவிடும்; 'ஔ' முடிக்கும்போது தெரியும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. முழங்காலை ஆட்டி எழுதுவது ஏமாற்று வேலை. கையால் முழங்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துச் சுவர்ச் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையிலிருந்து எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, தொட முடிகிற அதிகபட்சத் தூரத்தைப் பெருவிரலிலிருந்து சுவர் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு காலுக்கும். எழுதாவிட்டால் மூன்றாம் வாரம் "சரியாகிவிட்டது" என்ற உணர்வை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அந்த உணர்வு என்னை இரண்டு முறை ஏமாற்றியது.

8. வலு

பழைய சைக்கிள் டியூப் போதும். கட்டில் காலில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பாதம் உட்புறம் மடங்கும்போது அதைத் தடுத்து இழுப்பவை கால் வெளிப்புறத் தசைகள். ஜவ்வு பலவீனமாக இருக்கும் மாதங்களில் அவைதான் காவல்.

பிறகு குதிகால் தூக்குவது. முதலில் இரு கால்களாலும், அடுத்த வாரம் ஒற்றைக் காலால். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது. மறுநாள் காலை வீக்கம் கூடியிருக்கக் கூடாது. இந்த இரண்டும் எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும்.

9. சமநிலை: எல்லோரும் தவறவிடும் படி

இந்தக் கட்டத்தில் வலி இருக்காது. பையன்கள் காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் நரம்பு முனைகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமாகின்றன. வலி போய்விடும், வீக்கம் வற்றிவிடும், ஆனால் தகவல் தாமதமாகவே போகும். மைதானத்தில் சின்னப் பள்ளத்தில் கால் பட்டவுடன் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கணத் தாமதத்தில் கால் மடங்கி முடிந்துவிடும். "ஒருமுறை சுளுக்கிய கால் எப்போதும் சுளுக்கும்" என்று ஊரில் சொல்வதன் பின்னணி இது. பழக்கினால் மாறும்.

நொண்டாமல் நடக்கத் தொடங்கியதும் ஆரம்பியுங்கள். வெறுங்காலில், சுவருக்குப் பக்கத்தில், ஒற்றைக் காலில் 30 நொடி. பல் துலக்கும் நேரத்தை இதற்கு ஒதுக்கினால் மறக்காது. அது எளிதானதும் கண்ணை மூடி. முதல் நாள் ஐந்து நொடி நின்றாலே பெரிது. அடுத்து, மடித்த தலையணை மேல். அடுத்து, ஒற்றைக் காலில் நின்றபடி சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது. கவனம் பந்துக்குப் போனதும் கணுக்கால் தானாக வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆட்டத்தில் நடப்பதும் அதுதான்.

தினமும் பத்து நிமிடம், குறைந்தது எட்டு வாரம். ஆடத் திரும்பிய பிறகும் நிறுத்தாதீர்கள்.

10. ஓட்டமும் குதிப்பும்

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்றால்தான் ஓட்டம். முதலில் நேர்கோட்டில் மெதுவாக. பிறகு பெரிய வட்டம், எட்டு வடிவம், அதன் பின் சட்டென்று திரும்பும் வெட்டு ஓட்டம். குதிப்பதிலும் இரு கால், பிறகு ஒற்றைக் கால், கடைசியில் வலைக்கு முன் பிளாக் (எதிரணி அடிக்கும் பந்தைக் குதித்துத் தடுப்பது). ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். மறுநாள் காலை கணுக்கால் உப்பியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

11. களத்துக்குத் திரும்பும் முன் தேர்வு

சுவர்ச் சோதனையில் இரு கால்களுக்கும் வேறுபாடு 1 செ.மீ அளவுக்குள். ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, நல்ல கால் எத்தனை முறை செய்கிறதோ ஏறக்குறைய அத்தனை. ஒற்றைக் காலில் தொடர்ந்து மூன்று தாவலில் கடக்கும் தூரம், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல். கண் மூடி நிற்பதில் இரு காலும் ஒன்றுபோல. இவற்றில் ஒன்று தவறினாலும் நான் அணியில் சேர்ப்பதில்லை. திட்டு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

திரும்பியதும் ஆடும்போது மட்டும், கயிறு கட்டும் வகை பிரேஸ் அணியுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்பது வெறும் பயம். மருந்துக்கடையில் விற்கும் காலுறை போன்ற எலாஸ்டிக் உறை கதகதப்பு தரும், ஆனால் மடங்குவதைத் தடுக்காது.

12. வாலிபால் ஆடுபவர்களுக்கு மட்டும்

கணுக்கால் அதிகம் மடங்குவது வலைக்கு அடியில், இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போது. ஸ்மாஷுக்கு ஓடி வருபவர் கடைசி அடியை நீளமாக வைத்து முன்னோக்கித் தாவினால் நடுக்கோட்டைத் தாண்டித்தான் இறங்குவார். பாதத்தின் ஒரு பகுதி கோட்டின் மேல் இருந்தால் விதிப்படி தவறில்லை, ஆனால் பிளாக் போட்டு இறங்குபவரின் கணுக்காலுக்கு அது தெரியாது. நார்வேயில் 1990-களில், தாவும், இறங்கும் முறையைத் திருத்தியும் சமநிலைப் பயிற்சி கொடுத்தும் வீரர்களின் கணுக்கால் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுண்ணாம்பில் இன்னொரு கோடு போட்டு, பயிற்சியின்போது அதைத் தாண்டி இறங்குபவர் ஒரு சுற்று ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அணி பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சாலையில் போகிறவர்கள் கொக்குக் கூட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.